சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

எங்கள் வீட்டுக் கார் சாவியை எடுத்த பிறகும் ஓடும். ஓட்டி வந்தவர் இறங்கி, கதவைப் பூட்டி, கேட்டைச் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார். வண்டி மட்டும் வாசலில் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டு நிற்கும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா ஒருநாள் பதறிப்போய் ஓடிவந்து, "ஏனுங்க, உங்க வண்டிய யாரோ ஸ்டார்ட் பண்ணிப்போட்டாங்க, உள்ள ஆளையே காணமுங்க" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது அப்படித்தானுங்க, கொஞ்ச நேரத்துல அதுவே அடங்கிக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வாசலைக் கடக்கும்போது வேகமாகத்தான் நடப்பார்.

பேயொன்றும் இல்லை, அது டர்போ வண்டி. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது காற்றை அமுக்கி மறுபடி எஞ்சினுக்குள் திணிக்கும். அதனால்தான் அந்த வண்டிக்கு அவ்வளவு இழுவை. விரட்டி ஓட்டி வந்தால் அந்தச் சக்கரம் பழுக்கக் காய்ந்திருக்கும். வந்த வேகத்தில் எஞ்சினை நிறுத்தினால் அதற்குப் போகும் எண்ணெயும் நின்றுவிடும். உள்ளே தங்கிய எண்ணெய், துடைக்காமல் விட்ட தோசைக்கல்லில் ஆவதுபோலக் கருகிப் பிசினாகும். பிறகு அந்தச் சக்கரத்தைத் தாங்குகிற பேரிங் போய்விடும். ஆகவே கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். உட்கார்ந்து ஆறவைக்க நேரமில்லாதவர்களுக்காக டைமர் என்று ஒரு பெட்டி விற்பார்கள். சாவியை எடுத்துவிட்டாலும் அது எஞ்சினை ஓடவைத்து, வைத்த நேரம் முடிந்ததும் அணைத்துவிடும். எங்கள் வண்டியில் அது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்கு, சிவப்பு எண்களோடு ஒட்டியிருந்தது.

என் கணவருக்குப் பொறுமை இல்லாமல் இல்லை. பசி. மாலையில் பட்டறையைப் பூட்டிவிட்டு வருகிறவருக்குத் தட்டு உடனே வேண்டும். கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் நான் கல்லை அடுப்பில் வைப்பேன். அவர் குழாயடியில் கைகால் கழுவுவார், வேட்டி மாற்றுவார், வந்து உட்காருவார். அதுவரை வெளியே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அது அடங்குகிற நேரத்துக்குக் கல் சரியாகக் காய்ந்திருக்கும், முதல் தோசையை ஊற்றுவேன். கடிகாரம் பார்த்துச் சமைக்கிறவர்கள் உண்டு, குக்கர் விசிலை எண்ணிச் சமைக்கிறவர்கள் உண்டு. நான் டர்போவைக் கேட்டுத் தோசை சுட்டவள். இதைச் சொன்னால் என் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வண்டி வீட்டுக்கு வந்த கதை எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். கோயமுத்தூர் சரவணம்பட்டியில் வாங்கிப் போட்டிருந்த இடத்தை விற்று, ஒரு மில் முதலாளி பங்களாவில் தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்காகக் கிடந்த இந்த ஜப்பான் வண்டியை வாங்கிவந்தார். இரண்டே கதவு. பின்சீட்டில் தேங்காய் மூட்டை வைக்கலாம், மனிதர் உட்கார முடியாது. முன்விளக்குகள் மூடி திறந்து மேலே எழும்பும், அதைத் தெருப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதே அவருக்கு ஒரு வேலை. நான்தான் வாங்கச் சொன்னதுபோல என் மாமியார் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நான் அவரை ஒரு பார்வை பார்ப்பேன். அவர் கியர் மாற்றுவதில் மும்முரமாக இருப்பார்.

அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். போத்தனூரில் சின்னப் பட்டறை. கிணற்று மோட்டாரோ தறி மோட்டாரோ, எது கருகினாலும் அவரிடம் வரும். கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றுவார். கம்பிகள் சேருகிற இடங்களைக் காட்டன் டேப்பால் இறுக்கிக் கட்டி, மேலே வார்னிஷ் விட்டுக் காயவைப்பார். நானோ பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவள். ஓடுகிற பம்பின்மேல் நீளத் திருப்புளியின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, உள்ளே பேரிங் நல்லதா கெட்டதா என்று சொல்வது என் வேலை. அவர் கட்டிய மோட்டார் எது, பிறர் கட்டியது எது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறேன் என்று பந்தயம் கட்டி அவரிடம் ஜெயித்திருக்கிறேன். அவருடைய சட்டையிலும் தலையணை உறையிலும் எப்போதும் வார்னிஷ் வாசம் இருக்கும். கல்யாணமான புதிதில் எனக்குக் குமட்டியது. பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

டைமரைப் பொருத்தக் கார் மெக்கானிக் எவரையும் அவர் கிட்டே சேர்க்கவில்லை. "ஒயர் வேலைய எனக்கு ஒருத்தன் சொல்லித் தரோணுமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். எழுந்து வந்து, சாவியை உருவிக் கையில் ஆட்டிக்காட்டி, வண்டி தானாக ஓடுவதைப் பார்த்துப் பெருமைப்பட்ட அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்கள் மகள் கைதட்டினாள். நான் என் சரவணம்பட்டி இடத்தை நினைத்துக்கொண்டேன்.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது எங்கள் இருவருக்கும் சேர்ந்தே காய்ச்சல் வந்தது. எனக்கு இறங்கியது. அவருக்கு இறங்கவில்லை. மூச்சு முட்டத் தொடங்கியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். நான் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். படி இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "போயிட்டு வாரேன் புள்ள" என்றார். மகள் காரை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே போனாள். மகள் திரும்பி வந்தாள், அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் செத்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் கிடத்தி, குளிப்பாட்டி, சனமெல்லாம் வந்து அழுத பிறகுதான் எடுப்பார்கள். எனக்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை. நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத் தொடவில்லை. போயிட்டு வாரேன் என்று சொன்னவர் இன்னும் வந்துசேரவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். படட்டும்.

வண்டி நெடுநாள் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. மகளுக்குப் பல்லடத்தில் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்ததும், "அப்பா வண்டிய நான் ஓட்டறனுங்கம்மா, நின்னாலே வீணாப் போயிரும்" என்று அதை வெளியே எடுத்தாள். புது பேட்டரி, புது டயர், புது ஆயில். முதல் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது நான் சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேட் திறந்தது. கார் கதவு சாத்தியது. மகள் உள்ளே வந்து பையை வைத்தாள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மகள் உள்ளே வந்துவிட்டாள், ஆனால் வெளியே வண்டியில் இன்னும் ஒருவர் இருக்கிறார். யாரென்று எனக்குத் தெரியும். இறங்கப் போகிறார், குழாயைத் திறக்கப் போகிறார். நான் கல்லை அடுப்பில் வைத்தேன். சத்தம் அடங்கியதும் மாவை ஊற்றினேன். சாப்பிட உட்காரும்போதுதான் மூன்று தட்டு எடுத்து வைத்திருப்பதைப் பார்த்தேன். மகள் அதில் ஒன்றை எடுத்துப்போய் அலமாரியில் கவிழ்த்தாள்.

அதன்பிறகு வண்டி வீடு திரும்பிய மாலைகளிலெல்லாம் இதே கதைதான். ஓடுவது டைமரால் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் புருசன் இருந்தார். வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். திரையை விலக்கிப் பார்க்கமாட்டேன், பார்த்தால் காலி சீட்டுத்தானே தெரியும். சில நாள் குழாயடியில் தண்ணீர் விழுவதுபோலவே இருக்கும். ஒருநாள் திரை அசைந்தபோது வார்னிஷ் வாசம் வந்தது. சத்தியமாக வந்தது. எனக்கு அதிலெல்லாம் பயமில்லை. எஞ்சின் அடங்கப்போகிற நேரம் நெருங்கும்போதுதான் பயமாக இருக்கும். தட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் மூன்றாகவே எடுப்பேன். அவள் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் திருப்பி வைப்பாள். நாங்கள் இதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இப்படி இருக்கும்போது வண்டிக்குக் கோளாறு வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும்போது பட்டென்று உயிர் போய்விடும். முன்கூட்டி ஒரு இருமல், ஒரு திணறல் கிடையாது. ஓரம்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மேட்டில் ஏறும்போது பழைய இழுவையும் இல்லை. முதலில் எப்போதோ ஒருமுறை வந்தது, பிறகு அடிக்கடி வரத் தொடங்கியது. ஒருநாள் சூலூர் தாண்டிப் பல்லடம் ரோட்டில், பின்னால் கோழி லாரி வந்துகொண்டிருக்கும்போது நடுரோட்டில் நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் அந்த வண்டிக்கு ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடும், திருப்ப முடியாது. லாரிக்காரர் எப்படியோ ஒடித்து மண்ணில் இறக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்த மகள் கையை நீட்டிக் காட்டினாள். ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்ததில் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"ஒண்ணு இதைச் சரி பண்ணோணும், இல்லாட்டி வித்துப்போடோணுங்கம்மா" என்றாள்.

எனக்கு இரண்டு பயமும் சேர்ந்து வந்தன. இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. அந்தச் சத்தமும் போய்விடக்கூடாது. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ள முடியும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊரில் கணபதிப் பக்கம் ஒரு மெக்கானிக் இருந்தார். ஒருகாலத்தில் ரேலி என்கிற கார்ப் பந்தயம் ஓட்டியவர். ஓட்டிய ரேலியைவிட அதைப்பற்றிப் பேசியதுதான் அதிகம். டர்போ வண்டி என்றால் கோயமுத்தூரில் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவரே சொல்வார், வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "பெட்ரோல் பம்புங்க்கா. சத்தியமாப் பம்புதானுங்க" என்றார்.

பம்பைக் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். டாங்கின்மேல் திருப்புளியை வைத்துக் கேட்டுவிட்டு, "பம்பு நல்லாத்தானுங்க தம்பி சுத்துது" என்றேன். "அக்கா, இது தண்ணிப் பம்பு இல்லீங்க்கா" என்று சிரித்தார். மாற்றினார். அடுத்த வாரமே ஆத்துப்பாலத்தில் நின்றது.

"அப்பக் காத்து எங்கியோ கசியுதுங்க்கா, சத்தியமா" என்றார் அடுத்து. அது பாதி உண்மை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றுவிட்டுப் பார்த்தோம். பஞ்சர் கடையில் டியூப்பைப் பார்ப்பார்களே, அதே வேலைதான். ஒரு குழாயின் மடிப்பில் நுரை பொங்கியது. ரப்பர் வெடித்திருந்தது. அதை மாற்றியதும் வண்டிக்குப் பழைய இழுவை வந்துவிட்டது. மெக்கானிக் மார்தட்டிக்கொண்டார். ஆனால் நடுவழியில் நிற்பது மட்டும் போகவில்லை. பிறகு இக்னிஷன் காயிலை மாற்றினார், பிறகு ஒரு சென்சாரை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தியம். மெக்கானிக்கின் பட்டறையில் வண்டி நாளெல்லாம் ஓடும். ரோட்டில் ஏறினால் எப்போது வேண்டுமானாலும் சாகும்.

"உங்க ஊட்டுக்காரரு வண்டிய உட மனசில்லாம உள்ளயே உக்காந்திருக்காரோ என்னமோங்க்கா" என்று ஒருநாள் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் வராத நோயை ரோட்டில்தான் பிடிக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். மகள் பட்டறையில் காத்திருந்தாள். மெக்கானிக் ஓட்டினார். டெஸ்டிங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடுகிற பம்பு சாகும்போது பம்பைப் பார்க்கக்கூடாது, மீட்டர்களைப் பார்க்க வேண்டும். எது முதலில் விழுகிறது, எது பின்னால் விழுகிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மெக்கானிக் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நான் டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓடும்போது அது பேட்டரி அளவைக் காட்டும். அதற்காக மட்டும் பார்க்கவில்லை. அந்த வண்டிக்குள் எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை.

ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டி குலுங்கியது. டைமரின் சிவப்பு எண்கள் அணைந்தன. அதற்குப் பிறகுதான் எஞ்சின் நின்றது. இன்னொன்றையும் கவனித்தேன். எஞ்சின் மட்டும் நின்றிருந்தால், சாவி போட்டபடி இருப்பதால், ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் சிவப்பாக எரிய வேண்டும். எரியவில்லை. எல்லாமே இருட்டு. அப்படியென்றால் பெட்ரோலும் குற்றமில்லை, காற்றும் குற்றமில்லை. சாவியிலிருந்து வருகிற கரண்டே வழியில் அறுந்துபோகிறது. அந்தக் கரண்ட் டைமர் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது.

மெக்கானிக் இறங்கிப்போய் பானட்டைத் திறந்தார். நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் டைமரைக் கழற்றுவார்கள். சொல்லாவிட்டால் இவர் இன்னொரு சென்சாரை மாற்றுவார், எனக்கு இன்னும் சில மாலைகள் கிடைக்கும். இந்த நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். அப்போது பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசினாற்போல் போனது. நின்றிருந்த வண்டி ஒருமுறை ஆடியது. மகளின் கை எனக்குக் கண்ணில் வந்தது.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தம்பி, பானட்டை மூடுங்க. கோளாறு அங்க இல்லீங்க, இங்க உள்ள இருக்குது" என்றேன்.

பட்டறைக்குத் திரும்பி வந்து ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றினார். வண்டி வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. மூடி விலகியதும் வாசம் என் முகத்தில் அடித்தது. வார்னிஷ். அவருடைய சட்டை, அவருடைய தலையணை. நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மகளும் அதை மோந்துவிட்டாள் என்று அவள் மூச்சை இழுத்ததில் தெரிந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

உள்ளே தலையைவிட்ட மெக்கானிக் வெளியே எடுக்கவே இல்லை. பிறகு அங்கிருந்தே கத்தினார். "என்னங்க்கா இது, மனுசன் காருக்குக் காயில் கட்டி வெச்சிருக்காரு!"

குனிந்து பார்த்தேன். ஒயர்கள் சேருகிற இடங்களை எல்லாம் மோட்டாருக்குக் கட்டுவதுபோலவே கட்டியிருந்தார். முறுக்கி, காட்டன் டேப்பைப் பிசகில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, வார்னிஷ் விட்டிருந்தார். அவர் கைவேலை என்று எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். மோட்டாருக்குள் அந்தக் கட்டு ஆயுசுக்கும் அசையாது. ஆனால் கார் குலுங்குகிற சாதி. வார்னிஷ் குடித்த டேப் கட்டையாக இறுகிவிட்டது. அந்த இறுக்கம் முடிகிற இடத்தில், ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒயர் மட்டும் மடங்கி நிமிர்ந்து, உள்ளே செம்பு இழை இழையாக அறுந்துபோயிருந்தது. மேல்தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டால் வண்டி ஓடும், விலகினால் நிற்கும்.

"கொஞ்சம் தொளதொளன்னு உட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க்கா. ரொம்ப நல்லாக் கட்டிப்போட்டாரு, அதானுங்க" என்றார் மெக்கானிக்.

காயில் கட்டுகிறவரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். மெக்கானிக் என்ன செய்வதென்று தெரியாமல் டீ சொல்லப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் டைமரையும் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு பக்கம் கருகியிருந்தது. "இது இனி வேலைக்காகாதுங்க. ஒயரை நான் நேராச் சேர்த்துக் குடுத்தர்றனுங்க, வண்டி நிக்காது. டைமர் வேணுமுன்னா புதுசு வரவைக்கலாமுங்க" என்றார்.

"வரவைங்க" என்றேன். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"வேண்டாம்" என்றாள் மகள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமுங்கம்மா. நானே உக்காந்து ஆறவெச்சுக்கறேன். எறங்கிப் போறப்ப அது பின்னால ஓடீட்டு இருக்கறது எனக்கு ஆகலீங்கம்மா."

"ஏன் கண்ணு?"

மெக்கானிக் ஒரு ஸ்பானரைத் தேடுவதுபோல் உள்பக்கம் நகர்ந்துபோனார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய அத்தனை பொய்ச் சத்தியங்களையும் மன்னித்துவிட்டேன்.

"அன்னிக்கு ஆம்புலன்ஸ் பின்னாலயே போனனில்லீங்களா. ஆஸ்பத்திரி கேட்டுல நிறுத்திச் சாவிய உருவீட்டு ஓடுனேன். அப்பாவ எறக்கீட்டு இருந்தாங்க. மூக்குல மாஸ்க்கு, பேச முடியல. என்னையப் பார்த்தாரு. அப்பறம் எனக்குப் பின்னால வண்டியப் பார்த்தாரு. அது ஓடீட்டு இருந்துச்சு. நான் அதை அணைக்கத் திரும்புனேன். வேண்டாம்னு தலைய ஆட்டிப்போட்டு, கையில இப்படிக் காட்டுனாரு." அவள் உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து மெதுவாக அமர்த்திக் காட்டினாள். "ஆறட்டும், ஆறட்டும்னு. கதவச் சாத்தீட்டாங்க. நான் அங்கயே நின்னேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் பின்னால வண்டி தானா நின்னுச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்கம்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "இத்தன நாளா ஏன் கண்ணு சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க திரைக்குப் பின்னால நின்னு கேக்கறதப் பார்த்திருக்கறனுங்கம்மா. எப்படிச் சொல்றது?"

நான் அவர் வந்துசேர்ந்ததாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அவளுக்கு அவர் போன சத்தமாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே எஞ்சினை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் மாலைதோறும் அதை முதுகில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, எனக்காகப் பொறுத்துக்கொண்டு, அந்த மூன்றாவது தட்டை எடுத்துக் கவிழ்த்திருக்கிறாள். ஆனாலும் அந்தக் கை ஜாடை எனக்குக் கிடைத்துவிட்டது. வண்டியைப் பார்த்து, மகளைப் பார்த்து, ஆறட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். இது எனக்குத் தெரியாமலே இருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "டைமர் வேண்டாமுங்க தம்பி. நேராச் சேர்த்துருங்க" என்றேன்.

அவர் பழைய கட்டுகளை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் போட்டு ஈயம் வைத்தார். அதை மெத்தென்ற டேப்பால் லேசாகச் சுற்றினார். வெட்டிய கட்டு ஒன்றை நான் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே வண்டியை வேகத்தடை வேகத்தடையாக ஓட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை. மெக்கானிக் இந்தமுறை சத்தியம் எதுவும் செய்யவில்லை.

மறுநாள் மாலை மகள் பல்லடத்திலிருந்து வந்தாள். கேட் திறந்தது. வண்டி உள்ளே வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம் வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. என் கை பழக்கத்தில் தோசைக்கல்லை எடுத்தது. எடுத்ததைக் கீழே வைத்தேன். போய் வாசல் திரையை விலக்கினேன்.

சீட்டு காலியாக இல்லை. மகள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மங்கிய வெளிச்சத்தில் அந்தத் தோள் அப்படியே அவர் தோள். பிறகு நடந்துபோய் இடப்பக்கக் கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டைமர் இருந்த இடத்தில் ஒட்டுப்பசையின் தடம் மட்டும் இருந்தது. எஞ்சின் சீராக ஓடியது. பேரிங்கில் ஒரு குறையும் இல்லை என்று திருப்புளி இல்லாமலே எனக்குக் கேட்டது. ஓடிவந்த சூடு தணியத் தணியச் சத்தமும் மெல்ல இறங்கிவந்தது.

"அணைச்சரட்டுங்களாம்மா?" என்று கேட்டாள்.

நான் அந்த ஒட்டுப்பசைத் தடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. எதிர்வீட்டு அம்மா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்று, வண்டிக்குள் ஆள் இருப்பதை உறுதி செய்துகொண்டு உள்ளே போனார். இத்தனை வருடமும் அந்தப் பெட்டி எண்ணி முடித்ததும் தானாக நிறுத்திவிடும். இனி யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் நிற்கும். அவளைச் சொல்லவைக்கக்கூடாது, அவள் ஒருமுறை தனியாக நின்று அது அடங்கியதைக் கேட்டுவிட்டாள்.

"போதும் கண்ணு, அணைச்சுரு" என்றேன்.

அவள் சாவியைத் திருப்பினாள். உள்ளே போய்க் கல்லை அடுப்பில் வைத்தேன். அலமாரியைத் திறந்து இரண்டு தட்டு எடுத்தேன்.